பினாங்கு போகும் காலை விமானம்

நவம்பர் 3, திங்கள். பாங்காக்

அணியின் மனநல ஆலோசகர் எங்கள் பதினைந்து பேருக்கும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறார். போட்டி முடியும்வரை தினமும் எழுத வேண்டுமாம். யாரிடமும் காட்ட வேண்டாமாம். மற்றவர்கள் மலாயில் எழுதுகிறார்கள், நான் தமிழில். இந்த அணியில் இதைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் யோகராணிதான். அவளிடம் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

என் பெயர் தவமலர். வயது முப்பத்து நான்கு. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மலேசிய மகளிர் அணிக்குத் தலைவி, விக்கெட் கீப்பர். யோகி எங்கள் இடக்கைச் சுழல் பந்து வீச்சாளர். மற்ற நாட்களில் தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பதின்மூன்று வருடமாக அவள் போடுகிறாள், நான் பிடிக்கிறேன். வெளியூர் போனால் அறையும் ஒன்றுதான்.

இது ஆசியத் தகுதிச் சுற்று. எட்டு அணிகள், இருபது ஓவர் ஆட்டம். ஜெயிக்கிற ஒரே ஓர் அணிக்குத்தான் உலகக் கோப்பையில் இடம். நாங்கள் இதற்கு முன் மூன்று முறை வந்து மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். போன முறை அரையிறுதியில் ஒரே ஒரு ரன். அடுத்த சுற்று வரும்போது என் முழங்கால் என்னோடு வராது. யோகியின் தோள்பட்டையும் அப்படித்தான். இதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் வந்தன. யோகியின் அம்மா பாக்கியம் கொடுத்தனுப்பியது. என் பங்கு தனி டப்பாவில். 'மலரு' என்று தாள் ஒட்டியிருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

பயிற்சி. வெயில் கொதிக்கிறது. உடைகளை அறையிலேயே துவைத்துப் பால்கனியில் காயப்போட்டோம். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பள்ளிக்கு இன்னும் அனுப்பவில்லை.

நவம்பர் 5, புதன்

குவைத்தை ஒன்பது விக்கெட்டில் வென்றோம். யோகி நான்கு ஓவரில் எட்டு ரன் கொடுத்து மூன்று பேரை எடுத்தாள். அதில் இரண்டு ஸ்டம்பிங், என் கையால்.

ஆட்டம் இணையத்தில் நேரலையாகப் போகிறது. யோகியின் அம்மா மகன் தயாளனின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பார்க்கிறாராம். சாயங்காலம் வீடியோவில் வந்தார். முகம் தெரியவில்லை, நெற்றியும் மின்விசிறியும் மட்டும்தான் தெரிந்தன.

"ஏன்டி, நேரா போடாம ஏன் அப்படி வளைச்சி வளைச்சி போடுற? அந்தப் புள்ளைங்க எப்படி அடிக்கும்?"

"அடிக்கக் கூடாதுன்னுதாம்மா போடுறேன்!"

"பாவம்லா. அதுங்களும் வீட்ட விட்டு வந்த புள்ளைங்கதான?" பிறகு என்னைக் கேட்டார். "மலரு, பசியாறுனியா? ஒழுங்கா சாப்புடுடி. வெயிலுல குத்த வச்சே ஒக்காந்திருக்க."

விக்கெட் கீப்பிங் என்றால் அவருக்கு நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்வது. அவ்வளவுதான்.

பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். மாடிப்படி ஏறி வந்தேன் என்றார். அவர்கள் வீட்டில் மாடி கிடையாது. யோகி கவனித்தாளா என்று தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஐக்கிய அரபு அமீரக அணியிடம் தோற்றோம். நான் ஒரு கேட்சை விட்டேன். அவ்வளவு எளிதான கேட்ச்.

ஓட்டலுக்கு வந்து, பெட்டியில் பூட்டியிருந்த கைப்பேசிகளை மேலாளர் ரோஸ்லினா திருப்பிக் கொடுத்தார். (ஆட்ட நாளில் காலையிலேயே எல்லோரிடமும் வாங்கிவிடுவார்கள். சூதாட்டக்காரர்கள் தொடர்புகொள்ளாமலிருக்க இப்படி ஒரு விதி.) யோகிக்குத் தயாளனிடமிருந்து செய்தி வந்திருந்தது. அம்மாவுக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. இருதயத்தில் ஏற்கெனவே கோளாறு உண்டு. போன வருடமும் நான்கு நாள் படுத்திருந்து எழுந்து வந்தவர்தான்.

யோகி உடனே கூப்பிட்டாள். அம்மாவே பேசினார். "நீ அங்கயே இரு. இங்க வந்து என்னா செய்யப் போற? என்னைப் பாத்துக்கிட்டு நிக்கத்தான் ஒன் தம்பி இருக்கான்ல?"

அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஷாம்பு" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹாங்காங்கை வென்று அரையிறுதிக்குள் நுழைந்தோம். இடது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் கூட்டத்துக்கு முன்னாலேயே வென்றோம். நான் நாற்பத்தொன்று. யோகி கடைசி ஓவரில் ஆறு ரன்னைக் காத்தாள். இந்த மாதிரிக் கடைசி ஓவரை நம்பிக் கொடுக்க எனக்கு வேறு ஆள் இல்லை. மற்ற எல்லாப் பெண்களும் அந்த நேரத்தில் பந்தைக் கல்லைப் போல் பிடிப்பார்கள். இவள் மட்டும் எலுமிச்சம்பழத்தைப் போல் பிடித்துக்கொண்டு வருவாள்.

நேபாளத்தோடு இறுதி ஆட்டம். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை.

அம்மா தூங்குகிறார் என்று தயாளன் சொன்னானாம். இரண்டு நாளாக அம்மாவின் குரலைக் கேட்கவில்லை என்று யோகி சொன்னாள். தூங்கினால் நல்லதுதானே என்றேன்.

நவம்பர் 12, புதன்

நாளை இறுதி ஆட்டம்.

காலையில் லேசான பயிற்சி. கையுறையைப் பால்கனியில் காயவைத்தேன். மதியம் கூட்டம்: நேபாளத்தின் மூன்றாம் எண் ஆட்டக்காரி சுழல் பந்துக்கு இறங்கி வந்து ஆடுகிறாள், வலது காலை முதலில் தூக்குகிறாள். யோகி கடைசி ஓவரைப் போடுவதாகத் திட்டம்.

ஆறு மணிக்கு யோகி கீழே ஐஸ் தொட்டியில் இருந்தபோது தயாளன் எனக்குக் கூப்பிட்டான். அம்மாவுக்குக் கொஞ்சம் முடியவில்லையாம். யோகியிடம் நேராகச் சொல்ல அவனுக்குத் தயக்கம், என்னைப் பக்குவமாகச் சொல்லச் சொன்னான். சரி என்றேன்.

யோகி மேலே வந்தாள். கை கால் எல்லாம் விறைத்துப்போய் சிரித்துக்கொண்டே கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். தம்பிக்கு மூன்று தடவை அடித்தாள், அவன் எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குள்ள லைன் கெடைக்காது" என்றேன்.

"அதுவும் சரிதான்." பிறகு, "மலர், நாளைக்கு அவ எறங்கி வருவா. வந்தா விட்றாத" என்றாள்.

"விட மாட்டேன்."

பினாங்குக்குக் காலை ஏழு நாற்பதுக்கு ஒரு விமானம் இருக்கிறது. சும்மா பார்த்து வைத்தேன்.

மதிப்பெண்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன். காலை

பசியாற முடியவில்லை. யோகி இரண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். "தம்பி ஒனக்கு போன் பண்ணானா?" என்று கேட்டாள்.

"நேத்து பண்ணான். மருந்து குடுத்திருக்காங்களாம், நல்லா தூங்குறாங்களாம்."

அவள் முகம் தெளிந்தது. "அப்பாடா" என்று இன்னொரு முட்டை எடுத்தாள்.

தயாளன் செய்தி அனுப்பியிருந்தான். பதில் போட்டேன். ஒன்பது மணிக்கு ரோஸ்லினா கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். என்னுடையதை நான்தான் முதலில் கொடுத்தேன்.

நவம்பர் 13, வியாழன். சாயங்காலம்

நாங்கள் வென்றோம். உலகக் கோப்பைக்குப் போகிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நூற்றெட்டு ரன்தான் எடுத்தோம். போதாது என்று எல்லோருக்கும் தெரியும். இடைவேளையில் ரோஸ்லினா எல்லோர் தலையிலும் ஐஸ் துண்டைப் போட்டுக்கொண்டே போனார். யோகி என் கால்காப்பின் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டாள். குனிந்திருந்த அவள் உச்சந்தலையில் நரைமுடி இரண்டு தெரிந்தது.

கீப்பருக்கு ஒரு தண்டனை உண்டு. பந்து வீசுபவரின் முகத்தை ஒவ்வொரு பந்துக்கும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஆட்டக்காரிக்குக் கையும் பந்தும்தான் தெரியும், எனக்கு முகம் தெரியும். வீசுவதற்கு முன் யோகி என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைப்பாள், நான் கையுறையைத் தட்டுவேன். இன்று இருபத்துநான்கு முறை பார்த்தாள், இருபத்துநான்கு முறையும் தட்டினேன்.

கடைசி ஓவருக்கு ஒன்பது ரன் வேண்டியிருந்தது. முதல் பந்தில் ஒன்று. அடுத்ததில் ரன் இல்லை. மூன்றாவதை அந்த மூன்றாம் எண்காரி நான்குக்கு விரட்டினாள். கூட்டத்திலிருந்த நேபாளத்துக்காரர்கள் கொட்டு அடித்தார்கள். நான்காவதிலும் ஐந்தாவதிலும் எதுவுமில்லை. கடைசிப் பந்துக்கு நான்கு வேண்டும், ஆடும் முனையில் அவள்தான்.

ஓடிப் போய் யோகியிடம் பேச வேண்டியது என் கடமை. போனேன். அவள் மூச்சு சீராக இருந்தது. "வருவா" என்றாள். அப்போதே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. "போடு" என்று மட்டும் சொல்லித் திரும்பினேன்.

யோகி போட்டாள், அவள் வந்தாள். வலது காலைத் தூக்கி, இறங்கி, மட்டையை வீசினாள். பந்து அவள் மட்டையைத் தாண்டி என் கைக்குள் விழுந்தது. பெயிலைத் தட்டினேன். நடுவர் கை உயரும் முன்பே யோகி ஓடி வந்து என் மேல் தாவினாள். இரண்டு பேரும் விழுந்தோம். அவள் என் காதில் கத்திக்கொண்டே இருந்தாள். "மலர்! மலர்! அம்மாகிட்ட சொல்லணும்! மொதல்ல அம்மாகிட்ட சொல்லணும்!"

உடைமாற்றும் அறையில் ரோஸ்லினா பெட்டியைத் திறந்தார். என் கைப்பேசியில் தயாளனின் செய்தி: 'அம்மா போயிட்டாங்க. 4.20.'

மலேசிய நேரம் நான்கு இருபது என்றால் இங்கே மூன்று இருபது. பதினேழாவது ஓவர் போய்க்கொண்டிருந்திருக்கும்.

யோகி தன் கைப்பேசிக்குக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாடி?"

"யோகி, ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நாள் பழகியவள், சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெஞ்சுக்கும் அலமாரிக்கும் நடுவில் அப்படியே தரையில் சரிந்தாள். மற்றப் பெண்கள் வெளியே பாடிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லினா போய் அவர்களை நிறுத்தினார்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஒனக்கு எப்ப தெரியும்?"

"இப்பதான்" என்றேன்.

ஏழு மணி விமானத்தில் ரோஸ்லினா அவளைக் கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்து தைப்பிங்குக்கு உறவுக்காரர் கார். விளையாட்டு உடையோடுதான் போனாள். அவள் துணிமணிகளை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன். பால்கனியில் காய்ந்ததையும் எடுத்து வைத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி. கோலாலம்பூர்

விமான நிலையத்தில் மாலை, மேளம், கேமரா. ஒரு நிருபர் கேட்டார்: "தாயார் மரணப் படுக்கையில் இருந்தது தெரிந்தே யோகராணி ஆடினாராமே? குடும்பத்தார் சொல்கிறார்கள்."

"இந்த அணிக்காக அவர் விட்டுக்கொடுக்காத ஒன்று கிடையாது" என்றேன்.

இன்று மதியம் அடக்கம். ரோஸ்லினாவும் இரண்டு பெண்களும் விமான நிலையத்திலிருந்து நேராகத் தைப்பிங்குக்குப் போனார்கள். எனக்குப் பத்திரிகையாளர் கூட்டம் இருந்தது, போக முடியவில்லை.

நவம்பர் 15, சனி

பத்திரிகை வந்தது. 'பெற்ற தாயை விட நாடே பெரிது' என்று தலைப்பு. யோகி கையை உயர்த்தி ஓடி வரும் படம். பக்கத்தில் என் முதுகு.

பள்ளித் தலைமையாசிரியர் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதாகப் படம் அனுப்பினார்.

நவம்பர் 16, ஞாயிறு

யோகிக்கு ஐந்து முறை அடித்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

போட்டி முடிந்துவிட்டது. எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இந்த நோட்டில் பொய் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி இதை எழுதியபோது யோகி பக்கத்துக் கட்டிலில் கம்பளிக்குள் இருந்தாள், எடுத்துப் படித்துவிடுவாளோ என்று பயந்தேன். அது ஒரு காரணம். எனக்கே படிக்கத் தைரியமில்லை என்பது இன்னொன்று.

தயாளன் 'கொஞ்சம் முடியல' என்று சொல்லவில்லை. அவன் சொன்னது இது:

"டாக்டர் கைய விரிச்சிட்டாரு அக்கா. நாளைக்குத் தாண்டுறதே பெருசாம். அம்மா யோகி எங்க, யோகி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நான் சொன்னா யோகி அக்கா ஒடஞ்சி போயிடும். நீங்க பக்கத்துல ஒக்காந்து சொல்லி, காலைல மொத பிளைட்டுல ஏத்தி விட்ருங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் அது போன எடுக்க மாட்டேன். எடுத்தா அழுதுருவேன்."

ஏழு நாற்பதுக்கு விமானம். மலேசிய நேரம் பத்தரைக்குப் பினாங்கு. அங்கிருந்து கார் வைத்தால் பன்னிரண்டுக்குள் தைப்பிங். அம்மா போனது நான்கு இருபதுக்கு. நான்கு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கணக்கை நான் இன்று போடவில்லை. பன்னிரண்டாம் தேதி சாயங்காலமே முக்கால்வாசி போட்டுவிட்டேன். போட்டுவிட்டுத் திரையை மூடினேன்.

பதின்மூன்றாம் தேதி காலை தயாளன் கேட்டிருந்தான்: 'சொல்லிட்டீங்களா? பிளைட் ஏறியாச்சா?' நான் போட்ட பதில் இது: 'பேசிட்டேன். மேட்ச் முடிச்சிட்டு வரேன்னு சொல்றா.'

அதனால்தான் குடும்பத்தார் அப்படிச் சொல்கிறார்கள். பத்திரிகைக்குத் தலைப்புக் கொடுத்ததும் நான்தான்.

ஒரு ஆட்டம்தானே, முடிந்ததும் அனுப்பிவிடலாம், டாக்டர்கள் சொல்வது எப்போதும் நடக்கிறதா, போன வருடமும் எழுந்து வந்தவர்தானே என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். எதுவுமே காரணமில்லை. அவள் போய்விட்டால் கடைசி ஓவரை யார் போடுவது என்று நினைத்தேன். அதுதான் முதலில் தோன்றியது. அம்மா என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது.

என் அம்மா போனபோது எனக்கு இருபது வயது. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கடைசியாக என் கையை ஒரு தடவை அழுத்தினார். பதினான்கு வருடமாக நான் அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன எடுத்துக்கொள்கிறேன் என்று தெரியாமல் எடுத்துக்கொண்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

நவம்பர் 22, சனி

ரோஸ்லினாவிடம் சொன்னேன். அவர் அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே டிக்கெட் போட்டிருப்பேன்" என்றார் மலாயில். "நீ சொல்லியிருந்தா, தோத்தாலும் பரவால்லன்னு நான் சொல்லியிருப்பேன். அது ஒனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல."

யோகி அணியிலிருந்து விலகுவதாக நேற்றே கடிதம் அனுப்பிவிட்டாளாம். காரணம் எதுவும் எழுதவில்லையாம். அடக்கத்தன்று வீட்டில் யாரும் அவளோடு பேசியதாகத் தெரியவில்லை என்றும், அவள் ஒரு மூலையில் தனியாக நின்றாள் என்றும் ரோஸ்லினா சொன்னார். "துக்கத்துல அப்படித்தான்னு நான் நெனச்சேன்" என்றார்.

நவம்பர் 27, வியாழன்

நாளை பதினாறாம் நாள். காலை ஆறு மணி பஸ்ஸுக்கு இடம் போட்டுவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

தைப்பிங்கில் மழை. கமுந்திங்கில் அந்த வரிசை வீட்டுக்கு முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். நான் போனபோது சடங்கு முடிந்து கூடத்தில் படத்துக்கு முன் படையல் வைத்திருந்தார்கள். பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தயாளன் மொட்டைத் தலையோடு வந்து, "வாங்க அக்கா" என்றான். என் மேல் அவனுக்கு எந்த வருத்தமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

யோகியைக் காணவில்லை. அடுப்படிப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

அம்மாவின் தங்கை, அவர்கள் சின்னம்மா என்று கூப்பிடுகிறவர், எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அடுப்படிக்குக் கேட்கிற குரலில் சொன்னார். "நீயாவது வந்தியே புள்ள. பெத்தவ கதவையே பாத்துக்கிட்டு கெடந்தா. வந்துக்கிட்டு இருக்கா, வந்துக்கிட்டு இருக்கான்னு இவன் பொய் சொல்லிச் சொல்லித் தேத்துனான். அவளுக்கு பந்துதான் பெருசா போச்சி."

பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து நின்றேன். பஸ்ஸில் நான்கு மணி நேரம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"சின்னம்மா, யோகிக்குத் தெரியாது. தயாளன் என்கிட்டதான் சொன்னான். நான் அவகிட்ட சொல்லல. மேட்ச் முடிச்சிட்டு வரேன்னு அவ சொன்னதா நான்தான் பொய்யா எழுதுனேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள்.

சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. அடுப்படிக் கதவைப் பார்த்தார். "ஐயோ" என்றார். பிறகு இரண்டு கையாலும் தன் வாயில் அடித்துக்கொண்டார். "ஐயோ, என்னென்னா பேசிட்டேன் அந்தப் புள்ளய!"

தயாளன் என் முன்னால் வந்து நின்றான். அடிப்பானோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க அனுப்புன மெசேஜ நான் அம்மாகிட்ட படிச்சிக் காட்டல அக்கா" என்றான். "அது ஒண்ணுதான் நான் செஞ்ச புண்ணியம்." படத்துக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

அடுப்படிக்குப் போனேன். யோகி குத்தவைத்து உட்கார்ந்து பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"கேட்டுச்சா?"

"காது இருக்கு."

"யோகி..."

"எனக்கு அடக்கத்தன்னிக்கே தெரியும். தம்பி போன எடுத்துப் பாத்தேன். ஒன் மெசேஜ் இருந்துச்சி."

"அப்ப ஏன் இவங்ககிட்ட சொல்லல? ரெண்டு வாரமா இதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?"

அவள் அண்டாவைக் கவிழ்த்தாள். "சொன்னா என்னா ஆவும்? ஒன்ன சபிப்பாங்க. அம்மா இந்த வீட்டுல ஒனக்குச் சோறு போட்டிருக்கு. படத்துக்கு முன்னால ஒக்காந்து ஒன்ன சபிச்சா அது அம்மாவுக்கு ஆவாது. அதான் பேசாம இருந்தேன். ஒனக்காவ இல்ல."

நான் தலைவி பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். அணியிலிருந்தே விலகிவிடுகிறேன் என்றேன். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு? ஒனக்கு பாரம் கொறையறதுக்கா? அதுக்கு என்கிட்ட வராத."

மழை சன்னமானது. அவள் கையில் இருந்த சாம்பலைக் கழுவினாள். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போயிருப்பேனான்னு எனக்கே தெரியல மலர். அதான் என்னைத் தின்னுது. பதிமூணு வருசம்லா. ஒருவேள போட்டுட்டு வரேன்னு நானே சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். இல்ல, செருப்புகூட போடாம ஏர்போர்ட்டுக்கு ஓடியிருப்பேன். அம்மாவுக்கு நான் எந்த மாதிரி மகள்னு... எந்த மாதிரி புள்ளன்னு தெரிஞ்சிக்க எனக்கு ஒரே ஒரு நாள் இருந்துச்சி. அத நீ எடுத்துக்கிட்ட."

மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இருந்தும் சொன்னேன்.

அவள் தலையசைத்தாள். சரி என்பதற்கு அல்ல, கேட்டது என்பதற்கு.

"ஒலகக் கோப்பைக்குப் போ. நல்லா புடி. நான் பாக்க மாட்டேன்." எழுந்து புடவையில் கையைத் துடைத்தாள். "சாப்புடாம போவக் கூடாது. வா."

கூடத்தில் எனக்கு இலை போட்டாள். சோறு, சாம்பார், வாழைக்காய், வடை. அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருந்தார்கள். அவளே பரிமாறினாள். சுற்றி இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சின்னம்மா அடுப்படியில் அவளைக் கட்டிக்கொண்டு அழும் சத்தம் கேட்டது, பிறகு யோகியும் அழும் சத்தம். இரண்டு வாரத்தில் அவள் அழுவது இதுதான் முதல் தடவை என்று தயாளன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் தனியாக உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். இலையை மடித்தேன். அவள் வெளியே வரவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தூறலில் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.